வீட்டில் உறுமியது, மேடையில் முனகியது

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், சமூக மன்ற நிகழ்ச்சி ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்க, என் 30 வாட் காம்போ ஆம்பைத் (ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) தூக்கிக்கொண்டு போனேன். எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒன்பது கிலோ எடை. சிங்கப்பூரின் தோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போதுகூடக் கை வலிக்கவில்லை. வீட்டில் அது உறுமினால் சன்னல் அதிரும்; பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருமுறை வந்து கதவையே தட்டிவிட்டார். அந்தத் தைரியம்தான். மேடையில் டிரம்ஸும் தவிலும் தொடங்கியதும் என் பேஸ் காணாமல் போனது. சத்தத்தைக் கூட்டினேன். ஸ்பீக்கர் படபடவென அடித்துக்கொண்டதே தவிர, என்ன சுரம் என்று எனக்கே தெரியவில்லை. சவுண்ட் பார்த்த பையன் ஓடி வந்து, "அண்ணே, பேஸைக் குறைங்க, மிட்டைக் கூட்டுங்க" என்றான். ஆம்பில் பேஸ் என்பது கீழ் ஒலிக்கான குமிழ், மிட் நடு ஒலிக்கானது. பேஸ் வாசிக்கிறவனிடம் பேஸைக் குறைக்கச் சொல்கிறானே என்று எரிச்சலாக இருந்தது. குறைத்தேன். கேட்டது.

ஏன் கேட்டது என்று தேடப் போய்த்தான் ஆம்ப் பற்றி உருப்படியாக எதையாவது தெரிந்துகொண்டேன்.

மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது எதற்கு? எடை ஏறினால் தோல் மெதுவாக அதிரும், ஒலி தாழும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியும் அதே வேலையைத்தான் செய்கிறது. நாலு கம்பி பேஸின் கீழ் 'ஈ' வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் மெல்லிய 'ஈ' கம்பி 330 முறை, அதாவது சரியாக மூன்று ஸ்தாயி மேலே. ஒரே அளவு ஒலி அழுத்தம் வேண்டுமானால், ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். மூன்று ஸ்தாயிக்கு 64 மடங்கு. கிட்டாருக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் போதும் என்ற இடத்தில், பேஸுக்கு 6.4 மில்லிமீட்டர். சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு இடமே இருக்காது. நான் கேட்ட படபடப்பு, கூம்பு அதன் எல்லையில் போய் முட்டிய சத்தம்.

அடுத்த குற்றவாளி நம் காது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய பூஜ்ய டெசிபலிலேயே காதில் விழுந்துவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்கவே சுமார் 50 டெசிபல் வேண்டும். அதனால் ஒலியைக் குறைத்து வாசிக்கும்போது அடிநாதம்தான் முதலில் மறைகிறது. வீட்டில் மெல்ல வாசிக்கிறவன் என்ன செய்வான்? பேஸ் குமிழை வலது பக்கம் முழுக்கத் திருப்புவான். நானும் அதைத்தான் செய்தேன். பல ஆம்ப்களில் அந்தக் குமிழ் 12 டெசிபலாவது ஏற்றும். 12 டெசிபல் என்றால் 16 மடங்கு வாட். குமிழ் நடுவில் இருக்கையில் 2 வாட் கேட்கிற கீழ் சுரம், இப்போது 32 வாட் கேட்கிறது. என்னிடம் இருப்பதோ 30. மேடையில் சத்தத்தைக் கூட்டுவதற்கு ஆம்பிடம் எதுவுமே மிச்சமில்லை.

சன்னலை அதிர வைத்ததும் ஆம்பின் பெருமை இல்லை, அறைதான் காரணம். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறை மூன்றரை மீட்டர் நீளம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே போய்வரும் ஒலி, அந்த நீளத்துக்குச் சுமார் 49 ஹெர்ட்ஸில் தன்மேல் தானே ஏறிப் பெருகும். பேஸின் கீழ் 'ஈ' கம்பியில் மூன்றாம் கட்டத்தை (ஃபிரெட்) அழுத்தினால் வரும் 'ஜி' சரியாக 49 ஹெர்ட்ஸ்! சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் மூட்டை மாதிரி வந்து விழும்; அறை நடுவில் போய் நின்றால் மெலிந்துவிடும். மன்றத்தின் பெரிய கூடத்தில் இந்த இலவச உதவி கிடையாது.

சரி, மிட்டைக் கூட்டியதும் பேஸ் எப்படிக் கேட்டது? கம்பி 41-இல் மட்டும் அதிர்வதில்லை; 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. மடங்குகள் கிடைத்தால் போதும், அடி ஒலி இல்லாவிட்டாலும் மூளை அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சரியாக அனுப்பாது. ஆனாலும் அப்பாவின் கட்டைக்குரல் கட்டைக்குரலாகத்தானே கேட்டது? ஆம்பைத் தரையிலிருந்து நாற்காலிமேல் ஏற்றினேன், இன்னும் தெளிந்தது. அதுவரை மிட் எல்லாம் என் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வாங்கும்போது எல்லாரும் வாட் எண்ணைத்தான் பார்க்கிறோம். வாட் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு வாட் தேவை. ஒரே ஆம்பில், ஒரு வாட்டுக்கு 94 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 97 தருவதைப் போட்டால், வாட்டை இரட்டித்ததற்குச் சமம். முன்பக்கம் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபெண்டர் ரம்பிள் 500 என்ற பேஸ் ஆம்பில் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களுக்குப் போவது 350 வாட். வெளியே இன்னொரு பெட்டியை இணைத்து மின்தடையைக் குறைத்தால்தான் 500. என் கணக்கு: வீட்டுக்கு 30 வாட் தாராளம். ஜாமிங் ஸ்டூடியோவில் ஓங்கி அடிக்கும் டிரம்ஸ்காரரோடு, வேறு ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க 200 முதல் 300 வாட்டும், ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரோ இரண்டு பத்து அங்குலமோ வேண்டும். பெட்டி ரொம்பச் சின்னதாக இருந்து, ஆழமும் சத்தமும் ஒருசேரக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

எடைக்கு இப்போது பயமில்லை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் தர, ஸ்பீக்கர் இல்லாமலேயே சுமார் 40 கிலோ கனத்தது. இன்றைய கிளாஸ் டி ஆம்ப் மின்சாரத்தை வினாடிக்கு லட்சக்கணக்கான முறை போட்டு அணைத்து ஒலியை உருவாக்குகிறது. வெப்பமாக வீணாவது குறைவு. ரம்பிள் 500 முழுதாகவே பதினேழு கிலோவுக்குள். பழையது வாங்கினால் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததில் 120V என்று இருந்தால் வாட் என்று நினைத்துவிடாதீர்கள், அது 120 வோல்ட். நம் 230 வோல்ட் சுவரில் செருகினால் கதை முடிந்தது.

ஆனால் இங்கே மேடைகளில் பெரும்பாலும் பெரிய ஒலிபெருக்கிகள் முன்கூட்டியே நிற்கின்றன. ஆம்பின் பின்னால் மூன்று முள் டிஐ (நேரடி இணைப்பு) துளை இருந்தால், ஒரு கேபிளில் மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். கூட்டத்துக்கு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நம் பெட்டி நம் காதுக்கு மட்டும். உம்மென்று இரைச்சல் வந்தால் அதே துளைக்குப் பக்கத்தில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் (அந்தக் கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும்) பொத்தானைத் தட்டிப் பாருங்கள். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நம் 'ஜி' 49. இரைச்சலோடு சேர்ந்து அந்தச் சுரத்தைப் பிடித்தால் வினாடிக்கு ஒருமுறை அலை அடிக்கும். அன்று ஒரு பாட்டு முழுக்க என் கம்பிதான் சுருதி விலகிவிட்டது என்று நினைத்து முறுக்கிக்கொண்டே இருந்தேன்.