பத்துப் புளியங்கொட்டை: வயிற்றுப் பிள்ளையோடு பழகுவது

"ஸ்கேன்ல பிள்ளையப் பார்த்ததும் அவுக கண்ணு கலங்கிட்டாக. எனக்கு ஒண்ணுமே தோணல. எனக்குப் பாசமே இல்லையா?"

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கர்ப்பிணிகள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிற கேள்வி இது. வெளியே பெஞ்சில் அயித்தை உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்ற பயம். நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம்: வயிற்றுப் பிள்ளை மேல் பாசம் வருவதற்குத் தேதி எதுவும் இல்லை. முதல் மூன்று மாதம் வாந்தியிலும் அசதியிலும் போகிறது. அப்போது பிள்ளை என்பது ஒரு செய்தி, அவ்வளவுதான். பிள்ளை அசைவது தெரிந்த பிறகுதான் பெரும்பாலோருக்கு "உள்ளே ஆள் இருக்கு" என்ற நினைப்பே வருகிறது. தலைப்பிரசவக்காரர்களுக்கு 18 முதல் 20 வாரத்திலும், ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 16 முதல் 18 வாரத்திலும் அசைவு தெரியத் தொடங்கும். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் அது மெத்தைபோல் உதையைத் தாங்கிக்கொள்ளும்; இன்னும் சில வாரம் தள்ளிப்போகலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி முன்புறமா பின்புறமா என்று எழுதியிருப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பாசத்தை அளக்க ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் காண்டன் 1993இல் 19 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார். பிள்ளையை எவ்வளவு நேரம் நினைக்கிறாள், நினைக்கும்போது மனசில் என்ன வருகிறது என்ற இரண்டையும் அவர் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். கர்ப்பிணிகளோடு பேசும் எங்கள் வேலையில் இந்தப் பிரிப்பு நிறையவே உதவுகிறது. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடையையும் கவனிக்கிறவளுக்கு நாளில் இரண்டு முறைதான் வயிற்று நினைப்பு வரும். ஆனால் வரும்போது சிரிப்போடு வரும். அவளைப் பற்றிக் கவலையே வேண்டாம். நாள் முழுக்கப் பிள்ளை நினைப்பாகவே இருந்து, அந்த நினைப்பு முழுக்கப் பயமாக இருப்பவளைத்தான் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

இன்னொன்று. இது பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும், வழக்கம் உள்ள சீமை. பத்து மாதம் சுமக்காமலே பெற்றவளாக வாழ்ந்த ஆத்தாக்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். அப்படியிருக்க, ஐந்தாம் மாதத்தில் பாசம் பொங்கவில்லை என்று ஒருத்தி தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

எண்ணிப் பழகுவது

பழகுவதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி, அசைவை எண்ணுவது. 28 வாரம் முடிந்ததும் தொடங்கலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) தூணோரமாகப் பாயை விரித்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை, முழங்காலுக்கு நடுவில் ஒன்று. மல்லாக்கப் படுத்தால் கனத்த கருப்பை முதுகுப்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலை சுற்றும். அதனால்தான் ஒருக்களிக்கச் சொல்கிறோம். (ஆத்தங்குடிக் கல் பாவிய தரை வெயிலுக்குக் குளுமைதான். தண்ணீர் சிந்தினால் வழுக்கும். எழும்போது கையை ஊன்றி, நிதானமாக எழுந்திருங்கள்.)

பக்கத்தில் பல்லாங்குழிக் கட்டையும் 10 புளியங்கொட்டையும் இருக்கட்டும். உதை, உருளல், நெளிவு, குத்து என எதுவானாலும் ஒரு அசைவுக்கு ஒரு கொட்டையைக் குழியில் போடுங்கள். தாளம் தட்டுவதுபோல் ஒரே சீராக வந்தால் அது விக்கல், அதைச் சேர்க்க வேண்டாம். பத்தாவது கொட்டை விழுந்ததும் எத்தனை நிமிடம் ஆனது என்று காலண்டர் தாளில் குறித்துவிடுங்கள். போனில் இதற்கென்று ஆப் இருக்கிறது. ஆனால் போனைக் கையில் எடுத்தால் கவனம் வேறெங்கோ போய்விடும், கொட்டைதான் நல்லது.

ஒரு வாரத்தில் பிள்ளையின் குணம் பிடிபட்டுவிடும். சில பிள்ளைகள் 15 நிமிடத்தில் பத்தை முடித்துவிடும், சில முக்கால் மணி நேரம் எடுக்கும். பிள்ளைக்கும் தூக்கம் உண்டு. பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். ஒன்றரை மணியைத் தாண்டுவது அபூர்வம். அதனால் அரை மணி நேரம் அசைவே இல்லை என்றால் பதற வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்தில் 10 வரவில்லை என்றாலோ, தினமும் இருபதே நிமிடத்தில் முடிக்கிற பிள்ளை திடீரென்று மந்தமாகிவிட்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கேதான் தப்பு நடக்கிறது. "மாசம் நெறஞ்சிருச்சுல்ல, உள்ள இடமில்ல, அதான் அசங்கல" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். நிறைமாதத்தில் உதை குறைந்து உருளல் கூடும், உண்மைதான். ஆனால் மொத்த அசைவு குறையக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார், நாளைக்குப் பார்ப்போம் என்பதும் நேரத்தைத் தின்னும். வீட்டில் வைத்து இதயத்துடிப்பு கேட்கும் டாப்ளர் கருவியை நம்பி இருந்துவிடுவது இன்னும் மோசம். தாயின் நாடியே பிள்ளையின் துடிப்புபோலக் கேட்கலாம். பிள்ளை திணறும்போதும் துடிப்பு இருக்கத்தான் செய்யும்.

பழக்கம் வளர்கிற அதே வேலையில் பாதுகாப்பும் வந்துவிடுவதால்தான் இதை முதலில் சொன்னோம். பிள்ளை எப்போது விழிக்கும், எதற்குத் துள்ளும் என்று தெரிந்தவளிடம் தனியாகப் பாசத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குரலும் சோம்பும்

சத்தத்துக்குப் பிள்ளை அசைந்துகொடுப்பது 25ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. ஏழாம் மாதத்து வளைகாப்பு இதோடு பொருந்திப்போகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். பொருந்துகிறது, சரி. ஆனால் வளையல் ஓசை கீச்சென்ற உச்ச ஒலி. வயிற்றுச் சதையும் பனிக்குட நீரும் அதை மட்டுப்படுத்திவிடும். கனத்த ஒலிதான் உள்ளே நன்றாகப் போகும். எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் போவது தாயின் குரல். காற்று வழியாக மட்டும் இல்லாமல் அவள் உடம்பு, எலும்பு வழியாகவும் அது இறங்குகிறது.

1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பரும் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாளுக்குள்ளான குழந்தைகளைச் சோதித்தார்கள். வாயில் வைத்த ரப்பர் காம்பைச் சப்பும் தாளத்தைப் பொறுத்துத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும். பிஞ்சுகள் சப்புகிற தாளத்தை மாற்றித் தாயின் குரலை வரவழைத்தன. 1986இல் நடந்த அடுத்த சோதனையில், கடைசி ஆறு வாரம் தினமும் தாய் வாசித்துக்காட்டிய பகுதியைப் பிறந்த குழந்தை அடையாளம் கண்டது.

ஆகவே 34ஆம் வாரத்திலிருந்து ஒரே ஒரு தாலாட்டு, அதில் இரண்டே வரி, காலையும் மாலையும் ஐந்து நிமிடம். ஆயா (பாட்டி) பாடியதாக இருந்தால் நல்லது, சுருதி சேராவிட்டாலும் குற்றமில்லை. பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் பழக்கம் பதியாது. ஹெட்போனை வயிற்றில் கட்டுவது வேண்டாம். சத்தம் எவ்வளவு உள்ளே போகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அறிவாளிப் பிள்ளை பிறக்கும் என்று விற்கிற இசைத் தொகுப்புகளுக்குக் கொடுக்கிற காசில் பேரீச்சம்பழம் வாங்கலாம்.

அப்பச்சி, அதாவது பிள்ளையின் அப்பா, சிங்கப்பூரில் இருந்தால்? கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போனவர்கள் பர்மாவிலிருந்து கடிதம் எழுதிய காலம் போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்து, சாதாரணச் சத்தத்தில் பேசட்டும். அவர் குரலைப் பிள்ளை உடனே தேடும் என்று சொல்ல முடியாது. ஆனால் "இன்னைக்கு எத்தனை நிமிஷத்துல பத்து வந்துச்சு?" என்று தினமும் கேட்கிற மனிதருக்குப் பிள்ளை பழகிவிடுகிறது.

சாப்பாட்டின் வாசனையும் பனிக்குட நீரில் கலக்கிறது. பிரான்சில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், கடைசி நாட்களில் சோம்பின் உறவான அனிஸ் சேர்த்த உணவு சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்ததும் அந்த வாசனையை விரும்பித் திரும்பின. சோம்பும் அன்னாசிப்பூவும் இல்லாத குழம்பு நம் பக்கத்தில் ஏது? நெஞ்செரிச்சல் இல்லாத அளவில் காரமும் மசாலாவும் சாப்பிடலாம்.

குறுக்கே நிற்பவை

"நீ அழுதா பிள்ளைக்கு ஆகாது" என்பதை முதலில் வீட்டில் நிறுத்துங்கள். ஒருநாள் அழுகை பிள்ளையைக் கெடுப்பதில்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடுகிறது. வாரக்கணக்கில் நீளும் மனவேதனைதான் பிரச்சினை, அதற்கு வைத்தியம் உண்டு.

சிலரிடம் பாசக்குறைவு என்று தோன்றுவது ரத்தக்குறைவு. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் படி ஏறவே மூச்சு வாங்கலாம். அவளைத் தாலாட்டுப் பாடச் சொன்னால் எரிச்சல்தான் வரும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். கால்சிய மாத்திரை வேறு வேளைக்கு.

முன்பு கரு கலைந்தவர்கள் மனசைப் பூட்டியே வைத்திருப்பார்கள். பெயர் யோசிக்க மாட்டார்கள், துணி வாங்க மாட்டார்கள். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். அன்றன்றைக்கு 10 கொட்டை போதும். "பேரன்தானே?" என்று கேட்டுக்கேட்டு நச்சரிக்கும் வீட்டில் பிறக்காத பிள்ளையோடு பேசவே ஒருத்திக்குப் பயமாகிவிடும். ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அப்பத்தாவுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லை, களைப்பாக இருந்தும் தூக்கமில்லை, பிள்ளை மேல் வெறுப்பு, சாகலாம் என்ற நினைப்பு என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட தாள் உண்டு. ஐந்து நிமிட வேலை, ஆஸ்பத்திரியில் கேட்டால் போட்டுத் தருவார்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது; மருத்துவரைக் கேட்டே எதையும் மாற்ற வேண்டும்.

தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகும்போது மகப்பேறு அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு நிமிடங்களைக் குறித்த காலண்டர் தாள்களையும் எடுத்துப்போங்கள். புது ஆஸ்பத்திரியில் பிள்ளையின் வழக்கத்தைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. பிறந்ததும் பிள்ளையைத் துடைத்து, துணி இல்லாமல் உங்கள் நெஞ்சில் போட்டு மேலே போர்த்தச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவையுங்கள். முதல் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கட்டும். இருவரும் நன்றாக இருந்தால் சிசேரியனிலும் இது முடியும். பாடிப் பழகிய அந்த இரண்டு வரியை அப்போது மெல்லச் சொல்லுங்கள்.