வேக்கம் ஹோஸ்: வெற்றிட நெகிழ்குழாய்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் கொண்ட பழைய கார்களில், குறிப்பாக 1970-களின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தவற்றில், எஞ்சினைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் மெல்லிய கறுப்பு ரப்பர் குழாய்களே வேக்கம் ஹோஸ். பட்டறைப் பேச்சில் வேக்கம் டியூப்.

வேக்கம் என்பதன் வேர், 'வெறுமையான' என்னும் பொருளுள்ள லத்தீன் சொல். ஹோஸ் பழைய ஜெர்மானிய மொழிகளில் கால்களை மூடும் உடையைக் குறித்தது. பின்னர் வளையும் குழாய்க்கு ஆகிவந்தது. வேக்கத்துக்குத் தமிழில் வெற்றிடம் நன்றாகவே நிலைத்துவிட்டது. ஆனால் 'வெற்றிடக் குழாய்' என்று நிறுத்திவிட்டால் பழைய ரேடியோவின் கண்ணாடி வால்வோடு குழம்பும். வெற்றிட நெகிழ்குழாய் என்பதே பொருத்தம். 'காற்றுக் குழாய்' அறவே கூடாது. பெரும்பாலானவை வேலைக்குக் கொண்டுபோவது காற்றை அல்ல, உறிஞ்சுவிசையை.

முழு வெற்றிடமும் இங்கே இல்லை. கடல்மட்டத்தில் முழு வெற்றிடம் 29.92 அங்குலப் பாதரசம். நல்ல எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, காட்டுவது ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலம்.

குழாயை அடையாளம் காண அதன் மூலத்தைப் பாருங்கள். கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வந்தால் ஐடிலிலேயே விரலை இழுக்கும். கார்புரேட்டரில், ஆக்ஸிலரேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தட்டுக்கு மேலுள்ள துளையிலிருந்து வந்தால் ஐடிலில் இழுப்பே இராது. ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திறந்ததும் வரும். இது போர்ட்டட் வேக்கம். இஜிஆர் வால்வு, அதாவது கழிவுப்புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் புகை மறுசுழற்சி வால்வு, பல கார்களில் இதில்தான் இயங்கும். அதன் குழாயை மேனிஃபோல்டுக்கு மாற்றிச் சொருகினால் ஐடிலிலேயே வால்வு திறந்து, கழிவுப்புகை உள்ளே புகுந்து, எஞ்சின் குலுங்கி நின்றுவிடும். கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்த்தாலும் இது தீராது.

மற்றவை எளிது. எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரில் செருகியிருக்கும் தடித்த குழாய், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் எரிக்க அனுப்பும் பிசிவி வால்வுடையது; வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கலகலக்க வேண்டும். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கறுப்பு டப்பா கரிக்கலன். குளிர்நீர் ஓடும் இடத்தில் திருகியிருந்து, மேலே இரண்டு மூன்று முனைகள் நீட்டி நிற்பது வெப்ப வேக்கம் சுவிட்ச். பெரும்பாலும் எஞ்சின் சூடாகும்வரை வழியை அடைத்திருக்கும். குழாய் நடுவே வண்ண வட்டுப் போலிருப்பது, உறிஞ்சுவிசையை மெல்லச் சென்று சேரவைக்கும் தாமத வால்வு. எந்த நிறம் எந்தப் பக்கம் என்பதைக் குறித்துக்கொண்டே கழற்றுங்கள், திருப்பி மாட்டினால் வேலை செய்யாது.

பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள, புகை உமிழ்வு விவரம் அச்சிட்ட சீட்டில் குழாய்வழிப் படம் இருக்கலாம். எஞ்சினோ கார்புரேட்டரோ மாற்றப்பட்ட காரானால் அதை நம்ப வேண்டாம்.

புதிது போடும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே நீளம், அதே உள்விட்டத்தில் மாட்டுங்கள். முனையில் தளர்ந்த குழாய் காற்றை உள்ளே விடும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து ஐடில் தடுமாறும். சாதாரண சிலிகான் குழாயைக் கரிக்கலனுக்கும் பிசிவிக்கும் போடாதீர்கள்: பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் பட்டால் அது ஊறி உப்பிவிடும்.