சின்ன க்ளினிக் நடத்தும் டாக்டருக்கு 44ஏடிஏ: பாதி லாபக் கணக்கு எப்போது கைகொடுக்கும்?

தனியாக க்ளினிக் நடத்தும் டாக்டர்கள் பலர் வருமான வரியை ரிட்டர்ன் போடும் சமயத்து வேலையாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மெஷின் வாங்குவதா, பார்ட்னர் சேர்ப்பதா, இரண்டாவது கிளை போடுவதா என்று எதை யோசித்தாலும் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு நடுவில் வந்து நிற்கும். அதனால் ஏப்ரலிலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.

விதி எளிது. மருத்துவம் மாதிரி குறிப்பிட்ட தொழில் செய்பவரின் ஆண்டு மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டலாம். செலவுக்கு பில் கேட்க மாட்டார்கள், கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் தேவையில்லை. ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். வரம்பை நெருங்குகிறவர்கள் யுபிஐ க்யூஆர் அட்டையை ரிசப்ஷன் மேஜையில் கண்ணில் படும்படி வைப்பது நல்லது. மாலையில் க்ளினிக், காலையில் வேறு மருத்துவமனையில் கன்சல்டன்ட் என்றால், அங்கே டிடிஎஸ் (வரியை முன்கூட்டியே கழிப்பது) பிடித்துத் தரும் ஃபீஸும் இந்த வரவில்தான் சேரும். பிடித்தம் போகக் கைக்கு வந்ததை அல்ல, பிடிப்பதற்கு முந்தைய தொகையைச் சேர்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃபீஸ் 200 ரூபாய், நாளுக்கு 30 பேர், மாதம் 25 நாள் என்றால் ஆண்டு வரவு 18 லட்சம். வாடகை மாதம் 15,000, உதவிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 12,000, கரண்ட், பஞ்சு, ஊசி, மருத்துவக் கழிவு எடுப்பவருக்கு என்று ஆண்டுக்கு 60,000. எல்லாம் கூட்டினால் 5.28 லட்சம். உண்மையான லாபம் 12.72 லட்சம், 44ஏடிஏ படி 9 லட்சம். வேறு வருமானம் இல்லாவிட்டால், 2025-26க்கான புதிய வரி முறையில் 9 லட்சத்துக்கு வரியே இல்லை. 12.72 லட்சத்துக்கோ செஸ்ஸோடு 73,000 ரூபாய்க்கு மேல் போகும். இவருக்கு யோசிக்கவே வேண்டாம்.

பல் மருத்துவருக்குக் கதை வேறு. லேப் சார்ஜ், இம்ப்ளான்ட், டென்டல் சேருக்கு வாங்கிய கடனின் வட்டி என்று வரவில் 65 சதவீதம் செலவிலேயே போகிறது என்று வையுங்கள். 30 லட்சம் வரவில் கையில் நிற்பது 10.5 லட்சம்தான், ஆனால் பாதிக் கணக்கில் 15 லட்சத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கும், அது ஒரு லட்சத்தைத் தாண்டும். இவர் கணக்கு எழுதி, ஆடிட் செய்து, உள்ளபடி லாபத்தைக் காட்டுவதே சரி, ஆடிட்டர் ஃபீஸ் கொடுத்தாலும் மிச்சம்தான். எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின் வாங்கும் வருஷத்திலும் இதையே பாருங்கள், ஏனென்றால் பாதிக் கணக்கில் போனால் தேய்மானமும் (மெஷினின் மதிப்பு வருஷாவருஷம் குறைவதற்கான கழிவு) அந்தப் பாதிக்குள் அடங்கிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், தனியாகக் கழிக்க முடியாது.

இரண்டு டாக்டர்கள் சேர்ந்து தொடங்கினால் சாதாரண பார்ட்னர்ஷிப்புக்கு இந்தச் சலுகை உண்டு, எல்எல்பிக்கு (பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) கிடையாது. பத்திரம் எழுதுவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டிய விஷயம் இது, பலர் அப்புறம்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று, கடன். கிளை போட பேங்க்குக்குப் போனால் அவர்கள் முதலில் கேட்பது பழைய ரிட்டர்ன்களைத்தான். அதில் 9 லட்சம் இருந்தால் அந்த 9 லட்சத்துக்கு ஏற்ற கடன்தான் பேசுவார்கள். சட்டப்படி பாதிக்கு மேலும் லாபம் காட்டலாம். ஆகவே விரிவாக்கம் மனதில் இருந்தால், உண்மையான லாபத்தையே காட்டி வருவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறுகிறது, ஆடிட்டர் வேறு எண் சொன்னால் குழம்ப வேண்டாம். பாதிக் கணக்கில் போகிறவர்கள், வரி வரும் என்று தெரிந்தால் முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) நான்கு தவணையாகக் கட்ட வேண்டியதில்லை, மார்ச் 15க்குள் ஒரே தடவையில் கட்டினால் போதும், அந்தத் தேதி தவறினால் வட்டி உண்டு.