வண்டிக் கூரையில் ரேடியோ ஆன்டெனா: துளை போடும் முன் கேட்டு வாங்க வேண்டிய தகவல்

வண்டியில் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் தனிநபர் ரேடியோ) வைக்க நினைப்பவர்கள் எடுத்ததும் "எந்த மவுண்ட் (ஆன்டெனாவைத் தாங்கும் பிடிப்பு) வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த வண்டியில், எந்த இடத்தில், எந்த அலைவரிசையில், எத்தனை வாட் வரை ஆன்டெனா வைக்கலாம்? இதை நாமே ஊகிக்க வேண்டியதில்லை. வண்டியைச் செய்த நிறுவனம் சொல்லியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால்தான் இந்த விளக்கம்.

1958ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்கீழ் வரும் ஐ.நா. வாகன விதிகளில் 10ஆம் எண் விதி, வண்டியின் மின்னணுப் பாகங்களும் ரேடியோ அலைகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருப்பதைப் பற்றியது. வண்டி ரகத்துக்கு ஒப்புதல் வாங்கும்போது, டிரான்ஸ்மிட்டர் (ரேடியோ அலையை அனுப்பும் கருவி) பொருத்துவதற்கான அலைவரிசைகள், அதிகபட்ச வாட், ஆன்டெனா வைக்கும் இடங்கள், பொருத்தும் முறை ஆகியவற்றைத் தயாரிப்பாளர் எழுதித்தர வேண்டும். வண்டியில் அப்போது ரேடியோவே இல்லாவிட்டாலும் தர வேண்டும். ஒப்புதல் கிடைத்தபின் அந்தத் தகவல் எல்லோருக்கும் கிடைக்கும்படி இருக்க வேண்டும். இந்த விதியை ஏற்ற நாடுகளில் ஒப்புதல் பெற்ற வண்டி என்றால், அந்த அட்டவணையைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதலில் உரிமையாளர் கையேட்டின் பின்பக்கங்களில் தேடுங்கள். கூரையின் முன்பகுதி, நடு, பின்பகுதி என்று இடங்களைக் குறித்து, ஒவ்வொரு அலைவரிசைக்கும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அங்கே இல்லையென்றால் ரகம், தயாரிப்பு ஆண்டு, உங்கள் ரேடியோவின் அலைவரிசை, வாட் ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளரின் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதுங்கள். வாய்மொழிப் பதிலோடு நின்றுவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். நாளைக்கு பிரேக் எச்சரிக்கை விளக்கு காரணமில்லாமல் எரிந்தால் கையில் இருக்க வேண்டியது அந்தக் கடிதம்.

இந்தத் தகவல் கையில் இருப்பதால் ஒலிபரப்ப அனுமதி கிடைத்துவிடாது. சர்வதேச ரேடியோ விதிகளின் 18ஆம் பிரிவுப்படி, அரசு தரும் உரிமம் இல்லாமல் தனிநபர் யாரும் டிரான்ஸ்மிட்டர் நிலையம் அமைக்கவோ இயக்கவோ கூடாது. ஓடும் வண்டிக்கும் இதுவேதான். ஹாம்களுக்கான 25ஆம் பிரிவு, பேசும்போது அடிக்கடி அழைப்புக் குறியை (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும்) சொல்லச் சொல்கிறது.

கார்களின் வெளிப்புறத் துருத்தல்கள் பற்றிய ஐ.நா. 26ஆம் எண் விதியும் ஆன்டெனாவைத் தொடுகிறது. ஆன்டெனா நுனி சாலையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே இருந்தால், அது வண்டியின் வெளி விளிம்பிலிருந்து குறைந்தது 10 செ.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும். ஆன்டெனாவின் எந்தப் பகுதியும் வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. நுனியில் கழன்று வராத உருண்டை மூடி வேண்டும். அதன் வளைவு ஆரம் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நடந்து போகிறவரின் கண்ணை நினைத்துப் பார்த்தால் இது ஏன் என்று புரியும்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவோம்: கூரையின் நடு. ரேடியோ இயற்பியல் கேட்பதும் அதையேதான். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பி சுமார் 50 செ.மீ. அந்தக் கம்பிக்குக் கீழே, சுற்றிலும் ஏறக்குறைய அதே அளவுக்கு உலோகத் தகடு இருந்தால் அலை எல்லாத் திசையிலும் சீராகப் போகும். கூரையின் தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. அது உள்ளே இருப்பவர்களையும் ஆன்டெனாவின் அலைகளிலிருந்து மறைத்துக் காக்கிறது. டிக்கி விளிம்பில் மாட்டினால் ஆன்டெனா பின்சீட்டில் இருப்பவரின் தலைக்கு அருகே வந்துவிடுகிறது.

துளை போட்டுப் பொருத்தும் என்.எம்.ஓ. மவுண்ட்தான் என் தேர்வு. வழக்கமான துளை 19 மி.மீ. தகடோடு நேரடித் தொடர்பு கிடைக்கும், பல ஆண்டுகள் அசையாது. துளை விளிம்பில் துருத் தடுப்புப் பூச்சு அடித்து, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைத்தால் மழைநீர் இறங்காது. ஆனால் உட்கூரையை இறக்கிப் பார்க்காமல் துளையிடவே கூடாது. கதவுக்கு மேல் ஓரங்களில் திரை ஏர்பேக் மடிந்து கிடக்கும். கேபிள் அதற்கு முன்னால் குறுக்கே போனால் விபத்து நேரத்தில் ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். வாடகை வண்டி, கடன் முடியாத வண்டி என்றால் உரிமையாளரின் அல்லது கடன் தந்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள்.

துளை வேண்டாம் என்பவர்களுக்குக் காந்த மவுண்ட். அது பெயின்ட் வழியாக மின்தேக்கியைப் போல் கூரையோடு இணைகிறது. 145, 435 மெகாஹெர்ட்ஸுக்கு இது போதும். குறைந்த அலைவரிசைகளில் இணைப்பு பலவீனமாகிவிடும். அலுமினியக் கூரையிலோ கண்ணாடிக் கூரையிலோ காந்தம் ஒட்டவே ஒட்டாது. அடியில் மணல் சிக்கினால் பெயின்ட் போய்விடும், அதனால் அவ்வப்போது எடுத்துத் துடைக்க வேண்டும். கேபிளைக் கதவு ரப்பர் நசுக்காத இடமாகப் பார்த்து உள்ளே கொண்டு வாருங்கள்.

கூரைக் கம்பியில் (சாமான் கட்டும் ரூஃப் ரெயில்) மாட்டும் மவுண்டில் ஏமாறுபவர்கள் அதிகம். அந்தக் கம்பி பல வண்டிகளில் பாடியோடு மின்தொடர்பு இல்லாமல் இருக்கும். அங்கே பட்டைக் கம்பியால் பாடியோடு இணைக்க வேண்டும், அல்லது தகடு தேவைப்படாத அரை அலைநீள ஆன்டெனா வைக்க வேண்டும்.

பொருத்தி முடித்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, குறைந்த வாட்டில் தொடங்கி ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒலிபரப்பிப் பாருங்கள். ஒருவர் டேஷ்போர்டு விளக்குகளைக் கவனிக்கட்டும். ஏதாவது ஒன்று மினுங்கினால் அந்த வாட்டோடு வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். தயாரிப்பாளர் தந்த அட்டவணையோடு இடத்தையும் வாட்டையும் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.