வெறுத்த ஆசிரியரின் குரல் நம் வாயில் வருவது ஏன்?

"என்னைக் கத்தியே அடக்கிய ஆசிரியரைக் கண்டாலே ஆகாது எனக்கு. இன்று நானே ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவருடைய அதே வசனம் என் வாயில் வந்துவிட்டது. எப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஆசிரியப் பயிற்சிக்கு வருகிற யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார் என்று 1975இல் கணக்குச் சொன்னார் அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி. ஆனால் பார்த்ததெல்லாம் மாணவர் இருக்கையிலிருந்து. ஆசிரியர் கோபப்பட்டது தெரியும். கோபத்தை அடக்கிக்கொண்ட நாட்கள் தெரியாது.

சரி, இத்தனை மணி நேரத்தில் ஏன் சில காட்சிகள் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன? இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. 1994இல் நினைவாற்றலை ஆராயும் லாரி கேஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் சகாக்களோடு சேர்ந்து, படங்களுடன் ஒரு கதையைச் சிலருக்குக் காட்டினார்கள். தாயோடு போகும் சிறுவன் நடுவில் விபத்தில் சிக்குகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அந்த விபத்துப் பகுதிதான் நன்றாக நினைவிருந்தது. ஆனால் கதைக்கு முன் புரோப்ரனோலால் மாத்திரை விழுங்கியவர்களுக்கு அந்தக் கூடுதல் நினைவு கிட்டவில்லை; கதையின் சாதாரணப் பகுதிகளோ மற்றவர்களுக்கு இருந்த அளவு இவர்களுக்கும் இருந்தன. அட்ரினலின் வகை ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. அதாவது மனம் அதிரும்போது சுரக்கும் அதே ரசாயனம், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி வழியாக, "இதை ஆழமாகப் பதி" என்று மூளைக்குச் சொல்கிறது. எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட ஒரு நிமிடம், அமைதியாகக் கழிந்த ஓர் ஆண்டுப் பாடத்தைவிட அழுத்தமாக நிற்பது இதனால்தான். "என் வகுப்பில் யாரும் கூனிக்குறுகக் கூடாது" என்ற கொள்கை பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

கொள்கையோடு சேர்ந்து அந்த வசனமும் பதிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். நிதானமாக யோசிக்கும் முன்மூளைப் புறணி, கடுமையான மன அழுத்தத்தில் தளர்ந்துபோகும். அப்போது முந்திக்கொண்டு வருவது பழகிய எதிர்வினை. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சத்தம் போடும்போது பயிற்சிக் கல்லூரிப் பாடம் எங்கே ஞாபகம் வரும்?

"அடி வாங்கியதால்தான் உருப்பட்டேன்" என்கிற ஆசிரியர்களும் உண்டு. எனக்கு இது சுத்த மூடநம்பிக்கையாகவே படுகிறது. அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடியவர் ஆசிரியராகத் திரும்பி வந்து சாட்சி சொல்வதில்லையே! உருப்பட்டவர்களை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு அது. கல்விக்கான பணத்தில் புதிய திரைகளும் கருவிகளும் வாங்குவதைக் கொஞ்சம் குறைத்து, புது ஆசிரியர்களைச் சில ஆண்டுகள் கூடவே இருந்து கவனிக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வாசகிக்கு: "இனிமேல் கத்த மாட்டேன்" என்ற பொதுவான உறுதி அவ்வளவாகக் கைகொடுக்காது. "சத்தம் எழுந்தால் இதைச் செய்வேன்" என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே இணைத்து வைப்பது கூடுதலாகப் பலிக்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. பேச்சை நிறுத்திவிட்டு வகுப்பின் நடுவே போய் நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆளில்லாத வகுப்பறையில் நாலைந்து தடவை செய்து பாருங்கள். கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.