பரணியின் வேகம் எங்கிருந்து வருகிறது?

போர்ப் பாட்டு என்றால் வல்லின மெய்களை அள்ளிக் கொட்ட வேண்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. செயங்கொண்டார் அதில் சிக்கனக்காரர். திருவாரூர் மாவட்டத்துத் தீபங்குடிதான் அவர் ஊர் என்பார்கள். முதற் குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைக் 'கலிங்கத்துப்பரணி'யாகப் பாடியவர். பரணி என்பது போர் வெற்றியைப் பாடும் நூல்வகை. போர் மூளும் இடம் இது:

எடுமெடு மெடுமென வெடுத்ததோர்
இகலொலி கடலொலி யிகக்கவே
விடுவிடு விடுபரி கரிக்குழாம்
விடும்விடு மெனுமொலி மிகைக்கவே

'எடு எடு' என்ற போர்க்குரல் கடலொலியை மிஞ்சுகிறது, குதிரைகளையும் யானைகளையும் 'விடு விடு' என்னும் ஒலி மேலும் ஓங்குகிறது. வாய்விட்டுப் படியுங்கள், மனத்துக்குள் படித்தால் பாதி போய்விடும்.

வரிக்கு மூன்றாக வரும் பன்னிரண்டு சீரும் 'கருவிளம்' என்ற ஒரே வாய்பாடு, அதாவது ஒரே அசை அமைப்பு. ஆனால் வாய்பாடு ஒன்றானாலும் நேரம் ஒன்றல்ல. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, ஒற்றுக்கு அரை. அப்படிப் பார்த்தால் 'எடுமெடு' 4, 'மெடுமென' 4, 'வெடுத்ததோர்' 6. முதல் இரண்டும் தவில்காரர் சொல்லும் 'தகதிமி தகதிமி'யேதான். மூன்றாவது சீரில் ஒரு பிடி விழுகிறது.

பிடிப்பது இரட்டித்த வல்லினம். வெடுத்ததோர், யிகக்கவே, கரிக்குழாம், மிகைக்கவே என்று நான்கு வரியிலும் மூன்றாம் சீரில் மட்டும்தான் அது வருகிறது. உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை டகரத்துக்கு நாக்கு அண்ணத்தை லேசாகத் தட்டிவிட்டு நகர்ந்துவிடும். 'த்த', 'க்க' வந்தால் அது நடக்காது. மூச்சு முழுக்க அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, அப்புறம்தான் வெடித்து வெளியே வரும். வந்த மூச்சு நெடிலில் நீள்கிறது: தோர், வே, குழாம், வே. வேறு எங்கும் நெடில் இல்லை ('மிகை'யில் உள்ள ஐகாரம் இங்கே குறுகிவிடும்). ஓட்டம் குறிலில், அடி ஒற்றில்.

அச்சில் நான்கு வரியாக மடக்கினாலும் தாழிசை என்ற இந்தச் செய்யுள் வகைக்கு அடி இரண்டுதான். எடு, விடு என்ற எதுகை அவற்றைக் கட்டுகிறது. இகக்கவே, மிகைக்கவே என்று அடி முடிவு ஒத்துவரும் இயைபும் சேர்கிறது.

சரி, சுவை? இந்தத் தாழிசையில் வாள் இல்லை, காயம் இல்லை, யாரும் சாகவில்லை. சத்தம் மட்டும்தான். தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் (உணர்ச்சி வெளிப்பாடுகளில்) பெருமிதம் இங்கே ஒலியாலேயே வந்துவிடுகிறது. கோரமெல்லாம் பிறகு, களத்தில் பேய்கள் கூழ் சமைக்கும்போது. செத்த யானையின் தந்தத்தால் பல் துலக்கச் சொல்கிறது ஒரு பேய்:

பறிந்த மருப்பின் வெண்கோலால்
பல்லை விளக்கிக் கொள்ளீரே

கோ, லா, ளீ, ரே என்று நெடில்கள் சாவகாசமாக நடக்கின்றன, காலையில் வாய்க்கால் கரையில் பல் துலக்குபவர் போல. இதையே 'விடுவிடு' சந்தத்தில் பாடியிருந்தால் பயம் வந்திருக்கும், சிரிப்பு வந்திருக்காது.