சங்கம் வைக்கலாம், வேலைநிறுத்தம் கூடாதா? அரசு ஊழியர் உரிமை எதுவரை

சம்பா அறுவடை நேரத்தில் வேலைநிறுத்த அறிவிப்பு வந்தால் டெல்டாவில் எழும் முதல் கேள்வி, விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அடங்கல், அதாவது சாகுபடிச் சான்று, தருவாரா என்பதுதான். அது இல்லாமல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடியாது. ஆனால் அடங்கல் தரும் விஏஓவும், நிலையத்தில் ரசீது எழுதும் பட்டியல் எழுத்தரும் சட்டப்படி ஒரே வகை அல்ல. விஏஓ அரசு ஊழியர். பட்டியல் எழுத்தர் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் ஆள். அது அரசு நிறுவனம், அரசுத் துறை அல்ல. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்து பஸ் டிரைவரும் அப்படியே. தொழிலாளர் சட்டம் இவர்களுக்குப் பொருந்தும். தடை உத்தரவு இல்லாதபோது, நோட்டீஸ் கொடுத்து 14 நாள் பொறுத்து, சமரசப் பேச்சு நடக்காத நேரத்தில் இறங்கினால் வேலைநிறுத்தம் செல்லும். விஏஓவுக்கு அந்த வழியே கிடையாது.

சங்கம் வைக்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும் பொது: அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு. அங்கீகாரம் பெறாத சங்கத்தில் ஊழியர் சேரக் கூடாது என்ற மத்திய அரசு விதியை உச்ச நீதிமன்றம் 1962-லேயே செல்லாது என்றது. அதனால் "உங்க சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை, விலகிடுங்க" என்று மேலதிகாரி மிரட்டினால் மசிய வேண்டியதில்லை. ஆர்ப்பாட்டத்தை அடியோடு தடுத்த பீகார் விதியையும் அதே ஆண்டில் நீதிமன்றம் ரத்து செய்தது. வேலைநிறுத்தத் தடையை மட்டும் விட்டுவைத்தது.

தமிழ்நாட்டில் அந்தத் தடை 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 22-ஆவது விதி. பலரும் சறுக்குவது இங்கேதான். அனுமதியின்றி வேலைக்கு வராமல் இருந்து நெருக்கடி கொடுப்பதும், உண்ணாவிரதமும் இதில் அடங்கும். 'தற்செயல் விடுப்புதானே' என்று எல்லோரும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தாலும் அனுமதி கிடைக்காவிட்டால் இதே கணக்குதான். 22-ஏ விதி இடத்தைப் பற்றியது: அலுவலக நேரத்தில் வளாகத்துக்குள் கூட்டம், ஊர்வலம், கோஷம் கூடாது, நேரம் முடிந்த பிறகும் முன் அனுமதி வேண்டும். கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்கு உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்பது சின்ன விஷயமல்ல.

2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 1.7 லட்சம் பேர் விசாரணையே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையும் அல்ல, தார்மீக உரிமையும் அல்ல என்று ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலானோர் திரும்பி வந்தது, நிபந்தனையற்ற மன்னிப்பும் 22-ஆவது விதிக்குக் கட்டுப்படும் உறுதியும் எழுதிக் கொடுத்துத்தான்.

வாதம் இன்றும் ஓயவில்லை. மக்கள் பணி முடங்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் அரசைப் பேச்சுக்கு உட்கார வைக்கும் கட்டாயம் எதுவும் இல்லாதபோது சங்க உரிமை பாதி உரிமைதான்.

பங்கேற்றவருக்குச் சம்பளப் பிடித்தம் உறுதி. அதைவிடக் கவனிக்க வேண்டியது 17(பி) சார்ஜ் மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கை விதிப்படி வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை; அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்காது. பதிலைக் கெடுவுக்குள் கொடுங்கள். அதிலேயே வாய்மொழி விசாரணை வேண்டும் என்றும் எழுதுங்கள். கேட்காமல் விட்டால் பிறகு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு கைநழுவும்.